செருப்பும் வாக்குச் சீட்டும்: சேலத்தின் ‘பழமை’ குறித்து

சேலம் ஜில்லா என்றால் நம் தோழர்கள் மத்தியில் ஒரு தனிச் சிரிப்பு உண்டு. ‘அது கெட்டிப்பட்ட மண்ணு, அங்க ஒண்ணும் எடுபடாது’ என்று தஞ்சாவூர்க்காரர் சொல்வார். மதுரைக்காரர் தலையாட்டுவார். சென்னைக்காரர் அதையே கொஞ்சம் பாலிஷ் செய்து ‘கொங்குப் பகுதியின் சமூகப் பழமைவாதம்’ என்று கட்டுரையில் எழுதுவார். நான் புதுச்சத்திரத்துக்காரன். 1997இல் நாமக்கல் தனி மாவட்டமானாலும் எங்க பக்கத்துப் பெரிசுகளுக்கு இன்றைக்கும் அது சேலம் ஜில்லாதான். ஆண்டகளூர் கேட், மல்லூர் வழியாக பஸ் ஏறிப் போனால் வரும் சேலம்தான் எங்களுக்கு ‘டவுன்’. ஆகவே இந்தச் சிரிப்பு என் ஊரையும் சேர்த்தே சிரிக்கப்படுவது. அதற்காக ஊர்ப்பாசத்தில் வக்காலத்து வாங்க நான் இங்கு வரவில்லை. அந்தச் சிரிப்பின் பின்னால் இருக்கும் வாசிப்பு சரிதானா என்பதுதான் என் கேள்வி.

இந்த வாசிப்பு மூன்று வேறு சங்கதிகளை ஒரே கயிற்றில் கட்டுகிறது. ஒன்று, ‘கோட்டை’: சேலம் அ.தி.மு.க.வின் கோட்டை, கோவை பா.ஜ.க.வின் வாசல் என்கிற தேர்தல் பேச்சு. இரண்டு, சாதிக்கட்டு. மூன்று, சாமி. இந்த மூன்றும் ஒன்றையொன்று நிரூபிப்பதாக நம் பொதுப்புத்தி எடுத்துக்கொள்கிறது. சாதிக்கட்டு இருக்கிறது, ஆகவே சாமி பக்தி. சாமி பக்தி இருக்கிறது, ஆகவே ஓட்டு அப்படி விழுகிறது. ‘ஆகவே’ என்கிற அந்தச் சொல் வரலாற்றில் எங்காவது நின்றிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்படிப் பார்ப்பதற்கு இந்தியாவிலேயே வேறெந்த ஊருக்கும் வாய்க்காத ஒரு சோதனை சேலத்துக்கு வாய்த்தது. அதுதான் 1971.

அதற்கு முன்னால் கொஞ்சம் பின்னே போக வேண்டும். சேலத்தின் ‘பழமை’ப் பெயருக்கு ராஜாஜியும் ஒரு காரணம். அன்றைய சேலம் ஜில்லாவில் ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளியில் பிறந்தவர், சேலத்தில் வக்கீல் தொழில் செய்தவர், 1917இலிருந்து 1919 வரை சேலம் நகராட்சித் தலைவர். 1925இல் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினார். 1937இல் மாகாணத்தின் பிரதம மந்திரியானதும் மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது சேலம் ஜில்லாவில்தான், அக்டோபர் 1ஆம் தேதி. கள்ளுக்கடை மூடிய ஊர், ராட்டை சுற்றிய ஊர், ராஜாஜியின் ஊர் என்று ஒரு பிம்பம் அப்போதே எழும்பிவிட்டது. (கள்ளுக்கடை வருமானம் போன ஓட்டையை அடைக்கத்தான் 1939இல் விற்பனை வரி வந்தது என்பதையும் சொல்லி வைப்போம். ஒழுக்கத்துக்கும் ஒரு கணக்குப்பிள்ளை வேண்டியிருக்கிறது.)

ஆனால் அதே டவுனில்தான் 1944 ஆகஸ்ட் 27ஆம் தேதி நீதிக்கட்சி மாநாடு கூடித் தன் பெயரைத் திராவிடர் கழகம் என்று மாற்றிக்கொண்டது. பெயர் மாற்றத்தை மட்டும் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். ‘அண்ணாதுரை தீர்மானம்’ என்று அழைக்கப்பட்டதில் வேறு சில காரமான சங்கதிகளும் இருந்தன: ராவ் பகதூர், திவான் பகதூர் பட்டங்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், நியமனப் பதவிகளை விட வேண்டும், பெயருக்குப் பின்னால் உள்ள சாதிப் பட்டத்தை வெட்ட வேண்டும். ஜமீன்தார்களும் பட்டதாரிகளும் (கல்லூரிப் பட்டமல்ல, சர்க்கார் பட்டம்) நிரம்பிய கட்சி அது. பலருக்கு இது செரிக்கவில்லை. பி.டி. ராஜன் முதலானவர்கள் தனியே போய்ப் பழைய பெயரில் கட்சி நடத்தினார்கள். சாதிப் பட்டத்தை வெட்டச் சொன்ன ஊர் சேலம். இன்றைக்கு அதே ஊரில் கல்யாணப் பத்திரிகைகளையும் பிளெக்ஸ் பேனர்களையும் பார்க்கிறவர்களுக்கு எனக்கு வரும் அதே கசப்பான சிரிப்பு வரக்கூடும்.

1950 பிப்ரவரி 11ஆம் தேதி சேலம் சிறையில் கம்யூனிஸ்ட் கைதிகள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் மலபாரிலிருந்து கொண்டுவரப்பட்ட விவசாயப் போராளிகள். சேலத்து வாக்காளர்களுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பில்லை என்பது நிஜம். ஆனாலும் ஊரின் நினைவுக் கிடங்கில் எது பாதுகாக்கப்படுகிறது, எது கரையானுக்குப் போகிறது என்பதும் ஒரு கருத்தியல் விவகாரம். மாம்பழம், வெள்ளிக் கொலுசு, மாடர்ன் தியேட்டர்ஸ், இரும்பாலை என்று ஊர்ப்பெருமை அடுக்குகிறவர்கள் வாயில் அந்த இருபத்திரண்டு பேர் வருவதில்லை.

இனி 1971. ஜனவரி 23, 24 தேதிகளில் சேலத்தில் மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாடு. பெரியாருக்கு அப்போது வயது தொண்ணூற்றொன்று. புராணக் காட்சிகளைச் சித்திரித்த படங்களோடு பெரிய ஊர்வலம். ஜனசங்கத்தார் கறுப்புக் கொடி காட்ட அனுமதிக்கப்பட்டிருந்தார்கள். அந்தப் பக்கத்திலிருந்து பெரியார் வந்த வண்டியை நோக்கி ஒரு செருப்பு பறந்து வந்தது. அவர்மேல் படவில்லை. தொண்டர்கள் அந்த ஆத்திரத்தில் ஊர்வலத்தில் வந்த ராமர் படத்தைச் செருப்பால் அடித்தார்கள். பின்னாளில் இந்தச் சம்பவம் சொல்லப்படும்போதெல்லாம் முதல் செருப்பு காணாமல் போய் இரண்டாம் செருப்பு மட்டும் மிஞ்சுகிறது. கதையாடல் என்பது எங்கே தொடங்குவது என்பதில்தான் இருக்கிறது.

அந்த மாநாட்டின் தீர்மானங்களில் ஒன்று, ஒருவருடைய மனைவி இன்னொருவரை விரும்புவதைக் குற்றமாக்கக் கூடாது என்கிற கருத்துடையது. பத்திரிகைகள் இதை ஊதிய விதத்தில் விஷயமே தலைகீழாகப் போயிற்று. 2018இல் உச்ச நீதிமன்றம் இந்திய தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவை அடித்துப் போட்டபோது, சேலத்தில் நாற்பத்தேழு வருஷத்துக்கு முன்னாடியே இதைப் பேசினார்கள் என்று நினைவுகூர்ந்தவர்கள் சொற்பம்.

‘துக்ளக்’ அந்த ஊர்வலப் படங்களைப் போட்டது. அரசு அந்த இதழைப் பறிமுதல் செய்தது. பறிமுதல் செய்ததால்தான் அது ஊரெல்லாம் போயிற்று என்று சொல்பவர்கள் உண்டு, அதில் நியாயமும் உண்டு. மார்ச்சில் தேர்தல். ஒரு பக்கம் கருணாநிதியின் தி.மு.க., இந்திரா காங்கிரஸ், வலது கம்யூனிஸ்ட், முஸ்லிம் லீக் முதலானவை. எதிரே காமராசரின் ஸ்தாபன காங்கிரசும் ராஜாஜியின் சுதந்திராவும். பெரியார் தி.மு.க.வுக்கு ஆதரவு. ‘ராமரைச் செருப்பால் அடித்தவர்களுக்கா உங்கள் ஓட்டு?’ என்பதுதான் எதிரணியின் பிரச்சாரச் சாரம். சுவரொட்டியாகவும் துண்டறிக்கையாகவும் தமிழ்நாடு முழுக்க அந்தப் படம் ஒட்டப்பட்டது. ஒரு சமூகவியலாளன் கனவில்கூட இப்படி ஒரு சோதனையை அமைத்திருக்க முடியாது: பக்தியை நேருக்கு நேராகக் காயப்படுத்திவிட்டு, இரண்டு மாதத்துக்குள் ஓட்டுப் பெட்டியை முன்னால் வைப்பது.

முடிவு எல்லோருக்கும் தெரியும். 1967இல் 137 இடம் பிடித்த தி.மு.க. 1971இல் 184 இடம் பிடித்தது. ஸ்தாபன காங்கிரசுக்கு 15, சுதந்திராவுக்கு 6. நாடாளுமன்றத்துக்கான 39 தொகுதிகளில் 38 தி.மு.க. கூட்டணிக்கு. நாகர்கோவிலில் காமராசர் மட்டும் தப்பித்தார். செருப்பு விழுந்த சேலத்திலேயே இ.ஆர். கிருஷ்ணன் தி.மு.க. சார்பில் ஜெயித்தார்.

நம்முடைய பகுத்தறிவுத் தோழர்கள் இந்த இடத்தில் கையைத் தட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். ‘பார்த்தீர்களா, தமிழன் மதவாதத்துக்கு மயங்க மாட்டான்!’ இங்கேதான் எனக்குத் தகராறு. சேலத்தைப் பழமை என்று திட்டுகிறவர்களும் 1971ஐ வைத்துக் கொண்டாடுகிறவர்களும் ஒரே தவறான முறையியலைத்தான் கையாளுகிறார்கள். இருவருமே ஓட்டைப் பிரகடனமாக வாசிக்கிறார்கள்.

எண்களையே கொஞ்சம் உற்றுப் பார்ப்போம். 1971 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க.வுக்குக் கிடைத்தது சுமார் 48.5 சதவீதம். ஸ்தாபன காங்கிரசுக்கு 35 சதவீதம். மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட வாக்காளர்கள் எதிரே போட்டிருக்கிறார்கள். நம் தேர்தல் முறையில் அது வெறும் 15 இடமாகச் சுருங்கிவிடுகிறது. 1967இலோ தி.மு.க.வைவிடக் காங்கிரசுக்குத்தான் அரை சதவீதம் போல வாக்கு அதிகம். இடமோ 51தான். ‘கோட்டை’, ‘அலை’, ‘துடைத்தெறிதல்’ போன்ற சொற்களெல்லாம் இந்தப் பெருக்கல் கண்ணாடியின் வேலை.

அதைவிட முக்கியமான ஒன்று. 1967இல் யார் யாரோடு நின்றார்கள்? ராஜாஜி தி.மு.க.வோடு. பெரியார் காமராசருக்காகக் காங்கிரசோடு. தி.மு.க. ஜெயித்தது. 1971இல் நேர் தலைகீழ்: ராஜாஜி காங்கிரசோடு, பெரியார் தி.மு.க.வோடு. அப்போதும் தி.மு.க.தான் ஜெயித்தது. ஆத்திகத்தின் தமிழ்நாட்டுத் தலைமைப் பூசாரியும் நாத்திகத்தின் தலைமைப் போராளியும் இடம் மாறி உட்கார்ந்தார்கள், வாக்காளர் தராசு அசையவில்லை. தஞ்சை மண்ணிலிருந்து வந்த க. அன்பழகனைத் திருச்செங்கோட்டில், அர்த்தநாரீசுவரர் மலையடிவாரத்தில், 1967இல் நாடாளுமன்றத்துக்கு அனுப்பி வைத்த அதே எங்கள் ஜனங்கள் மலைக்குப் படியேறுவதை ஒரு அமாவாசைகூட நிறுத்தவில்லை.

சேலம் அம்மாப்பேட்டையில் தறி ஓட்டிய ஒரு பெரியவரிடம் பல வருஷங்களுக்கு முன் இதைப் பற்றிக் கேட்டேன். ‘ஏனுங்கய்யா, ராமர் படத்த அடிச்சதுக்கு அப்பறமும் எப்பிடி சூரியனுக்கே போட்டீங்க?’ அவர் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். ‘தம்பி, ஆடியில கோட்டை மாரியம்மனுக்குப் பொங்க வெச்சவந்தான் மாசியில சூரியனுக்குக் குத்துனான். அது வேற, இது வேறங்க. நூலு வெல ஏறிப்போயி தறி நின்னு கெடந்தப்ப ராமரும் வரல, செருப்பெடுத்தவனும் வரல. எவங்கிட்டப் போயி நின்னாக் கேக்கலாமோ அவனுக்குப் போட்டோம்.’

இதைச் ‘சந்தர்ப்பவாதம்’ என்று நம் பழைய அகராதியைப் புரட்டிச் சொல்லிவிடலாம். எனக்கு அது அப்படித் தோன்றவில்லை. நெசவாளர் தெருக்களில் தி.மு.க. வேர்விட்டது பகுத்தறிவால் மட்டுமல்ல. 1953இல் கைத்தறித் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் விற்ற கட்சி அது. அண்ணா காலத்திலேயே கடவுள் மறுப்பைப் பரணில் ஏற்றிவிட்ட கட்சியும் அதுதான். அதோடு, சேலம் இரும்பாலைக்காக 1967இல் ‘எழுச்சி நாள்’ நடத்திய நினைவு இருந்தது; 1970இல் இந்திரா காந்தி வந்து அடிக்கல் நாட்டியிருந்தார்; அந்த இந்திரா இப்போது அதே கூட்டணியில். வங்கிகள் நாட்டுடைமை ஆகியிருந்தன. வேலை வரும், கடன் வரும் என்கிற எதிர்பார்ப்பு. இவ்வளவையும் ஒரு பக்கத் தட்டில் வைத்துவிட்டு மறு தட்டில் ஒரு படத்தை வைத்தால் எது கனக்கும்? படம் கனக்கவில்லை என்பதால் படத்தின்மேல் மரியாதை இல்லை என்று ஆகிவிடாது. மரியாதை வேறு தராசில் நிறுக்கப்படுகிறது, அவ்வளவுதான்.

இந்தக் கோட்டைப் பேச்சு எவ்வளவு தூரம் தாங்கும் என்று சேலம் நாடாளுமன்றத் தொகுதியை வைத்தே பார்த்துவிடலாம். 1967இல் தி.மு.க.வின் க. இராசாராம். 1971 மேலே சொன்னது. 1977இல் அ.தி.மு.க. 1980இல் மறுபடி தி.மு.க. 1984, 89, 91 மூன்று முறையும் காங்கிரசின் ரங்கராஜன் குமாரமங்கலம். 1996இல் த.மா.கா. 1998இல் வாழப்பாடி ராமமூர்த்தி தன் சொந்தக் கட்சியில். 1999இல் அ.தி.மு.க., 2004இல் காங்கிரஸ், 2009, 2014 அ.தி.மு.க., 2019, 2024 தி.மு.க. எல்லாப் பக்கமும் கதவு உள்ள கட்டடத்தைக் கோட்டை என்று எப்படிச் சொல்வது, சத்திரம் என்றல்லவா சொல்ல வேண்டும்! இதில் ஒரு வேடிக்கை: 1999இல் அ.தி.மு.க. சார்பில் சேலத்தில் ஜெயித்த டி.எம். செல்வகணபதிதான் 2024இல் தி.மு.க. சார்பில் எழுபதாயிரம் சொச்சம் ஓட்டில் அதே சேலத்தில் ஜெயித்தவர். வாக்காளர் மாறினாரா, வேட்பாளர் மாறினாரா?

குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்தையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளலாம். திருச்செங்கோட்டுப் பக்கத்து ஜமீன்தார் டாக்டர் ப. சுப்பராயன் 1926இலிருந்து 1930 வரை சென்னை மாகாண முதல் மந்திரி. 1932இல் ஆலயப் பிரவேசத்துக்காகச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தவர். மகன் மோகன் கம்யூனிஸ்டாக இருந்து இந்திராவின் மந்திரியானார். மகள் பார்வதி கிருஷ்ணன் கம்யூனிஸ்ட் எம்.பி. இன்னொரு மகன் ராணுவத் தலைமைத் தளபதி. பேரன் ரங்கராஜன் சேலத்தில் காங்கிரஸ், திருச்சியில் பா.ஜ.க. ஒரே வளவுக்குள் இவ்வளவு அரசியல். குடும்பத்துக்கே ஒரு முத்திரை குத்த முடியாதபோது ஜில்லாவுக்குக் குத்துவது எளிதாக இருக்கிறது நமக்கு.

பார்வதி கிருஷ்ணனைத் தேர்ந்தெடுத்தது கோவை. 1957இல். இன்றைக்குச் ‘சங்கப் பரிவாரத்தின் நுழைவாயில்’ என்று வர்ணிக்கப்படும் அதே கோவை. 1967இல் மார்க்சிஸ்ட் கட்சியின் கே. ரமணி, 1971இல் பாலதண்டாயுதம், 1977இல் மறுபடி பார்வதி கிருஷ்ணன், 2004இல் கே. சுப்பராயன், 2009இலும் 2019இலும் பி.ஆர். நடராஜன். இடைத்தேர்தலை விட்டுவிட்டே ஏழு முறை இடதுசாரிகள். பா.ஜ.க. இரண்டே முறை: 1998, 1999. முதல் முறை பிப்ரவரி 14 குண்டுவெடிப்பின் ரத்தம் காயுமுன், அ.தி.மு.க. கூட்டணியில், இரண்டாம் முறை தி.மு.க. கூட்டணியில், ஒன்றே முக்கால் வருஷத்துக்குள் வாக்கு வித்தியாசம் பாதிக்கும் கீழே இறங்கி. 2004இல் அதே வேட்பாளர் ஒன்றரை லட்சத்துக்கு மேல் வித்தியாசத்தில் தோற்றார். 2021 சட்டமன்றத் தேர்தலில் கோவை மாவட்டத்தின் பத்து இடமும் அ.தி.மு.க. அணிக்குப் போனபோது ‘பார்த்தாயா’ என்றார்கள். பத்து மாதம் கழித்து 2022 பிப்ரவரியில் மாநகராட்சியின் நூறு வார்டுகளில் 96ஐ தி.மு.க. அணி பிடித்தபோது அப்படிச் சொன்னவர்கள் வேறு வேலையாக இருந்தார்கள்.

இதிலும் ஏமாந்துவிடக் கூடாது. 2014இல் இரண்டு திராவிடக் கட்சிகளும் கூட இல்லாமல் பா.ஜ.க. வேட்பாளர் கோவையில் மூன்றே முக்கால் லட்சத்துக்கு மேல் வாங்கினார். 2024இல் அண்ணாமலை தோற்றார், ஆனால் நாலரை லட்சம் வாங்கித் தோற்றார். ஏழு முறை இடதுசாரிகள் என்றேனே, 1957இல் மில் தொழிலாளர் சங்கங்களின் சொந்த பலம் அது. 2019இல் பெரும்பகுதி கூட்டணிக் கணக்கு. எண் ஒன்றுதான், உள்ளடக்கம் வேறு.

2021இல் சேலம் மாவட்டத்தின் 11 தொகுதிகளில் பத்து அ.தி.மு.க. அணிக்கு (அதில் இரண்டு பா.ம.க.), சேலம் வடக்கு மட்டும் தி.மு.க.வுக்கு. ‘கோட்டை’ என்ற சொல் அன்றைக்குத்தான் பூரணமாக வேரூன்றியது. ஆனால் எங்கள் நாமக்கல்லில் ஆறில் நாலு தி.மு.க. அணி. ஒரே ரோடு, ஒரே பேச்சு, ஒரே கோழிப்பண்ணை, ஒரே லாரிப் பட்டறை. எங்கிருந்து வந்தது இந்த வித்தியாசம்? சேலத்துக்காரர் ஒருவர் முதலமைச்சராக இருந்தார் என்பது ஒன்று. தேர்தல் அறிவிப்பு வந்த 2021 பிப்ரவரி 26ஆம் தேதியே வன்னியருக்கான 10.5 சதவீத உள்ஒதுக்கீடு சட்டமன்றத்தில் நிறைவேறியது என்பது இன்னொன்று. (அதே ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது, 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது.) இட ஒதுக்கீட்டுக்காகப் போட்ட ஓட்டை ‘பழமைவாத’ ஓட்டு என்று எந்தத் தர்க்கத்தில் எழுதுவது? அதே கோரிக்கையை வேறு ஜில்லாவில் வேறு சின்னத்தில் வைத்தால் அதைச் ‘சமூக நீதி’ என்கிறோமே!

சரி, அப்படியானால் எங்கள் ஜில்லா பழமையே இல்லையா? அது முற்போக்கு பூமியா? இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவலை எரித்தார்கள். நாவல் வந்தது 2010இல். நாலு வருஷம் யாருக்கும் புண்படவில்லை. 2015 ஜனவரியில் கடையடைப்பு. 12ஆம் தேதி நாமக்கல் கலெக்டர் ஆபீசில் ‘அமைதிப் பேச்சுவார்த்தை’. அதன்பின், எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துப்போனான் என்ற அறிவிப்பு. 2016 ஜூலை 5ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு வரும்வரை ஒன்றரை வருஷம் ஒரு எழுத்தாளரின் வாய் கட்டப்பட்டிருந்தது. அதே 2015இன் ஜூன் மாதம் அதே திருச்செங்கோட்டு மலைக்கோயிலுக்குத் தோழியோடு வந்த ஒரு தலித் பொறியியல் பட்டதாரி கடத்தப்பட்டார். மறுநாள் ரயில் தண்டவாளத்தில் உடல். 2022இல் ஆயுள் தண்டனைகள், 2023இல் உயர் நீதிமன்றத்தின் உறுதிப்பாடு. ராமருக்கு விழுந்த செருப்பை 1971இல் சட்டை பண்ணாத மண், நாற்பத்து நாலு வருஷம் கழித்து ஒரு நாவலையும் ஒரு நட்பையும் பொறுக்கவில்லை.

இதை ஓட்டில் தேடிப் பாருங்கள், கிடைக்காது. உயர் நீதிமன்றத் தீர்ப்புக்கு இரண்டு மாதம் முன்பு, 2016 மே மாதத்தில், திருச்செங்கோடு அ.தி.மு.க.வைத் தேர்ந்தெடுத்தது. 2021இல் கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சியின் ஈ.ஆர். ஈசுவரனை, உதயசூரியன் சின்னத்தில். நம் தேர்தல் அட்டவணையின்படி முதலாவது ‘கோட்டை’, இரண்டாவது ‘மதச்சார்பற்ற முற்போக்குக் கூட்டணியின் வெற்றி’. புத்தகத்தைப் பற்றியும் அந்த இளைஞரைப் பற்றியும் ஊர் என்ன நினைத்தது என்பதற்கு இவ்விரண்டில் எது சாட்சி? ஒரு சாதியின் திரட்சியாக 2009இல் உருவான கட்சியிலிருந்து கிளைத்தது, கம்யூனிஸ்டுகளும் விடுதலைச் சிறுத்தைகளும் இருக்கும் அதே மேடையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது. எதிர் மேடையிலும் அதே சாதிக்காரர்தான் வேட்பாளர். இரண்டு பெரிய கட்சிகளும் ஆள் தேடும்போது முதலில் பார்ப்பது அதைத்தான்.

என் வாதம் இதுதான். சாதி ஒரு கட்சியின் கொள்கையாக இருந்திருந்தால் அதை ஆதரித்தோ எதிர்த்தோ ஓட்டுப் போட முடியும், கணக்கெடுக்கவும் முடியும். இங்கே அது எல்லா வேட்பாளருக்கும் பொதுவான தகுதியாக, பூத்துக்கு வெளியிலேயே முடிந்துபோன விஷயமாக இருக்கிறது. பூத்துக்கு உள்ளே மிச்சமிருப்பது ரேஷன், தறிக்கு மின்சாரம், மகளிர் குழுக் கடன், ஆலை, வேலை, யார் நம்ம போன் எடுப்பான் என்பது. அந்த மிச்சத்தில் எங்கள் ஜனங்கள் தமிழ்நாட்டின் வேறெந்தப் பகுதியையும்விடப் பிற்போக்காக நடந்துகொண்டதில்லை, பலமுறை கூர்மையாகவே நடந்திருக்கிறார்கள். ஆகவே ‘பழமைவாத வாக்காளர்’ என்கிற சித்திரம் பொய். ஆனால் அந்தப் பொய்யை உடைத்துவிட்டால் பழமை உடைந்துவிடும் என்று நினைப்பதும் அதேயளவு பொய். கிராம்சியின் சொல்லை நாம் எவ்வளவோ கூட்டங்களில் உச்சரித்தாயிற்று. மேலாண்மை என்பது தேர்தலில் தோற்கக்கூடிய ஒன்றல்ல என்பதற்கு இதைவிட அருகில் உதாரணம் தேட வேண்டியதில்லை.

‘வாக்காளர்’ என்று ஒருமையில் பேசுவதிலும் ஒரு மோசடி இருக்கிறது. 1977இலிருந்து 2004 தேர்தல் வரை எங்கள் பக்கம் ராசிபுரம் என்கிற தனித்தொகுதி. சேந்தமங்கலம் சட்டமன்றத் தொகுதி பழங்குடியினருக்கானது, கொல்லிமலை ஜனங்கள் வாழும் பகுதி. அருந்ததியர் தெருக்களும் பள்ளர், பறையர் தெருக்களும் மலையாளி ஊர்களும் எங்கள் ஜில்லாவின் ஓட்டில் இல்லையா? ‘கொங்கு மனோபாவம்’ என்று எழுதும்போது யாருடைய மனோபாவத்தை எல்லோருடையதாகவும் ஆக்குகிறோம்? ஆதிக்க சாதி தன்னையே ஊர் என்று சொல்லிக்கொள்கிறது, நாம் அதைக் கண்டித்துக்கொண்டே அதே அர்த்தத்தில் ‘ஊர்’ என்று எழுதுகிறோம். ‘காலனியையும் சேத்துத்தான சொல்றீங்க?’ என்று ராசிபுரத்தில் ஒரு தோழர் என்னிடம் ஒருமுறை கேட்டார். அவர் கேட்டது என் அரைப்பக்கக் குறிப்பு ஒன்றைப் பற்றி, ஆனால் கேள்வி இந்தப் பொருளில் எழுதும் எல்லோருக்கும் உரியது.

2020 ஜனவரியில் ‘துக்ளக்’ ஐம்பதாவது ஆண்டு விழாவில் நடிகர் ரஜினிகாந்த் சேலம் ஊர்வலத்தைப் பற்றிப் பேசியது நினைவிருக்கலாம். இரு தரப்பும் ஒரு மாதம் அதையே பேசின: படத்துக்குச் செருப்பு மாலை போட்டார்களா இல்லையா, உடை இருந்ததா இல்லையா. அரை நூற்றாண்டு கழித்தும் பேச்சு படத்தைச் சுற்றியே. அந்த மார்ச்சில் ஓட்டுப்போட்ட சேலத்துத் தறிக்காரரையோ செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப்பட்டறைக்காரரையோ வெள்ளைக்கல் சுரங்கத் தொழிலாளியையோ தேடிப்போய், ‘ஏனுங்க, நீங்க என்னதான் நெனச்சீங்க?’ என்று கேட்டவர் அரிது. அன்று இருபத்தொரு வயசாகி முதல் ஓட்டுப் போட்டவர்களுக்கு இப்போது எழுபத்தைந்தைத் தாண்டியிருக்கும். இன்னும் கொஞ்ச காலத்தில் கேட்க ஆளிருக்காது.

2024 நாடாளுமன்றத் தேர்தலில் நாமக்கல் தொகுதிக்குத் தி.மு.க. கூட்டணியில் கொ.ம.தே.க. முதலில் அறிவித்த வேட்பாளரின் பழைய காணொளி ஒன்று வெளிவந்தது. சாதி மாறிக் கல்யாணம் செய்துகொள்வோர் பற்றிய மிரட்டல் பேச்சு அது. இரண்டொரு நாளில் வேட்பாளர் மாற்றப்பட்டார். கூட்டணி நிம்மதிப் பெருமூச்சு விட்டது, புதிய வேட்பாளர் ஜெயித்தார். தேர்தல் ஆய்வாளர்கள் அதோடு கோப்பை மூடிவிட்டார்கள். நமக்கு அங்கேதான் வேலை தொடங்குகிறது: அந்தப் பேச்சு பேசப்பட்ட மாதிரியான மேடைகள் எங்கே, எந்த மண்டபத்தில், எந்தக் கோயில் திருவிழாவை ஒட்டி, யார் செலவில் போடப்படுகின்றன, அதில் எந்தெந்தக் கட்சிக் கரை வேட்டிகள் முன்வரிசையில் உட்காருகின்றன. இதற்கு வாக்குச்சாவடிப் புள்ளிவிவரம் உதவாது. பழைய அழைப்பிதழ்கள், வசூல் நோட்டுகள், சங்கப் பத்திரிகைகள், காவல் நிலையத்துக்கு வந்து ‘சமரசம்’ ஆகிப்போன மனுக்கள் வேண்டும். ராசிபுரத்திலிருந்து புதுச்சத்திரம் வரை இந்தக் காகிதங்களைச் சேர்க்கும் வேலையை நானும் இரண்டு நண்பர்களும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். கைவசம் வைத்திருப்பவர்கள் ஒரு ஜெராக்ஸ் எடுத்து அனுப்பினால் போதும், அசலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.